கழற்றிப் பார்த்தால் தெரியும்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் என்னைத் திட்டியவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். "மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டும் ஒரு கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாளே, இவளெல்லாம் ஒரு மருமகளா?" என்று கேட்டிருப்பீர்கள். நன்றாகக் கேளுங்கள். நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

இன்றுதான் இந்தக் கதைக்குள் வருகிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் அத்தையும் மாமாவும் இருபத்தாறு வருடமாக வாடகைக்கு இருக்கிறார்கள். அத்தை கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். மாமா ஊரில் உள்ளவர்கள் வீட்டுக்கெல்லாம் பெயின்ட் அடித்து ஓய்ந்தவர். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், கூப்பிட்ட நாளுக்கு மட்டும் கூலி. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நாலு பேரில் மாதம் பிறந்தால் சம்பளச் சீட்டு வருவது எனக்கு மட்டும்தான்.

பெரிய ஓனர் போன வருடம் காலமாகிவிட்டார். அவருடைய ஒரே மகள், முப்பத்தைந்து வயதாகியும் எங்கள் வீட்டில் இன்னும் 'ஓனர் பாப்பா'தான், கல்யாணமாகி வேறு ஊரில் இருப்பவள், திடீரென்று போன் செய்து வீட்டை விற்கப் போகிறேன் என்றாள். நாமே வாங்கிவிடலாம் என்றார் அத்தை. பேங்கில் கேட்டால், என் சம்பளத்தை நம்பித்தான் கடன் தருவார்களாம். அதாவது கையெழுத்து என்னுடையது, இருபது வருடம் கட்டுவது நான். பத்திரம் யார் பெயரில் என்று யாரும் பேச்செடுக்கவே இல்லை. அது இவர் பெயரில்தான் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள்.

நான் மாட்டேன் என்றேன்.

ஏன் என்றால், நான் ஏற்கெனவே ஒரு வீட்டுக்கு உழைத்துக் கொட்டியவள். என் அப்பாவும் அம்மாவும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு வீட்டுக் கடனை அடைத்தார்கள். கல்யாணத்துக்கு முன் நான் சம்பாதித்ததும் அதற்குத்தான் போனது. கடைசித் தவணை கட்டி முடித்ததும் அது அண்ணன் வீடாகிவிட்டது. இப்போது நான் அங்கே போனால், செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணி கேட்கிறாள், "எப்ப கிளம்பறே?" என்று. இன்னொரு தடவை ஏமாற எனக்குத் தெம்பில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். வீட்டைப் பார்க்க ஆள் வருகிற நாள் அது.

முந்தின நாள் சாயங்காலமே இவர் எங்களைக் கூட்டி வைத்துத் திட்டம் போட்டார். அன்றைக்கு அவருக்கு ஒரு புது அடுக்குமாடியில் வேலை. வந்ததிலிருந்து ஒரே எரிச்சல்.

"இருபது மாடி. அத்தனை வீடும் வித்தாச்சாம். லைட் எரியறது நாலே மாடியில. லிஃப்ட் சும்மா மேலயும் கீழயும் போயிட்டு வருது," என்றார்.

"வாங்கினவனெல்லாம் எங்கடா போனான்?" என்றார் மாமா.

"அவனுங்களுக்கு வேற வீடு இருக்குப்பா."

"அப்புறம் எதுக்கு வாங்கறான்?" இது அத்தை.

"விலை ஏறும்னு."

அத்தை நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். "இருக்க வீடில்லாதவன் தெருவுல நிக்கறான். இவனுங்க வீட்டை வாங்கிப் பூட்டி வைக்கறானுங்களா? நல்லா இருக்குடா நியாயம்!"

இவருடைய திட்டம் சுலபமானது. வருகிறவர்களுக்கு இந்த வீடு பிடிக்கக் கூடாது. யாரும் கூட்டக் கூடாது, துடைக்கக் கூடாது. சமையலறைக் குழாய் சொட்டட்டும். கூடத்துச் சுவரில் ஓதம் ஏறியிருக்கும் இடத்தை மறைத்து நிற்கும் அலமாரியை நகர்த்தி வைக்க வேண்டும். பின்கதவு கீச்சென்று கத்த வேண்டும். ஆளே வாங்காவிட்டால் ஓனர் பாப்பா வழிக்கு வருவாள்.

"புரிஞ்சுதா? யாரும் எதையும் தொடக் கூடாது," என்றார் இவர். எல்லோரும் தலையாட்டினோம்.

காலையில் நான் எழுந்து வந்தபோது கூடம் பளபளவென்று இருந்தது.

தரையில் முகம் பார்க்கலாம். ஜன்னல்களில் துவைத்து இஸ்திரி போட்ட திரைச்சீலைகள், அதுவும் கல்யாண வீட்டுக்கு என்று அத்தை பெட்டிக்குள் வைத்திருந்தவை. அலமாரி ஓதத்தை மறைத்துக்கொண்டு பழைய இடத்திலேயே கம்பீரமாக நின்றது.

"அத்தை! என்ன இது?"

"நாலு பேர் வர்ற இடம்மா," என்றார் அத்தை, என் கண்ணைப் பார்க்காமல். "வீட்டைக் குப்பையா வச்சிருந்தா, நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"தப்பா நினைக்கணும்னுதானே அத்தை திட்டமே!"

"வீட்டைத் தப்பா நினைக்கட்டும். என்னை எதுக்கு நினைக்கணும்?"

சமையலறைக்குப் போனேன். குழாய் சொட்டவில்லை. இவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "அந்தச் சத்தத்துல தூக்கமே வரல. வாஷர்தான் போயிருந்தது, மாத்திட்டேன்." பின்கதவைத் திறந்தேன், சத்தமே இல்லை. எண்ணெய் விட்டது மாமா. வாசல் கதவில் உரிந்திருந்த இடத்துக்கு ஒரு கை பெயின்ட்டும் அடித்திருந்தார். தொட்டால் ஒட்டியது.

நான் மட்டும் யோக்கியமா என்று கேட்காதீர்கள். குளியலறைக் கண்ணாடியைப் பழைய பேப்பர் வைத்துத் தேய்த்துவிட்டுத்தான் படுத்திருந்தேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, என்ன செய்ய?

இப்படி ஒரு குடும்பம் உலகத்தில் உண்டா, சொல்லுங்கள். எங்களை வெளியே அனுப்ப வருகிறவர்களுக்காக நாங்களே வீட்டைச் சிங்காரித்து வைத்திருக்கிறோம்!

பத்து மணி வாக்கில் வந்தார்கள். முன்னால் புரோக்கர், வாயில் வெற்றிச் சிரிப்பு. பின்னால் ஒரு கணவனும் மனைவியும், வீட்டுக்குள் வந்த பிறகும் கூலிங்கிளாஸைக் கழற்றாதவர்கள். கடைசியாக ஓனர் பாப்பா. தோளில் பை, கண்ணுக்குக் கீழே கருவளையம். அத்தையைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா ஆன்ட்டி?" என்றாள். அத்தை, "ம்" என்றார்.

புரோக்கர் எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. நேரே சமையலறைக்குள் நுழைந்தார்.

"பாருங்க மேடம், சுவர் முழுக்க ஷெல்ஃப். மரம் எல்லாம் உறுதி. சிங்க் புதுசு, குழாய் புதுசு. மேல தண்ணி டேங்க் தனியா இருக்கு. பெயின்ட்டைப் பாருங்க, நேத்து அடிச்ச மாதிரி!"

வாசலில் இன்றைக்கே அடித்தது. கூலிங்கிளாஸ்காரர் முழங்கையில் ஏற்கெனவே ஒட்டியிருந்தது.

"இதெல்லாம் நீங்க போட்டதா?" என்று அந்த அம்மா ஓனர் பாப்பாவிடம் கேட்டாள்.

ஓனர் பாப்பா ஒரு நொடி தயங்கினாள். பிறகு, "ஆமா, வீட்டோட வர்றதுதான். எல்லாம் விலையில சேர்த்தி," என்றாள்.

அந்த ஷெல்ஃபை இவர் செய்தார். லிஃப்ட் பொருத்த வரும் இயந்திரங்களைச் சுற்றி வரும் பிளைவுட் பலகைகளைச் சைக்கிளில் கட்டி எடுத்து வந்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இழைத்து, அத்தையின் உயரத்துக்கு அளந்து செய்தது. அத்தை இவரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார்.

"நாங்க இங்க இருக்கப் போறதில்ல," என்றார் கூலிங்கிளாஸ்காரர். "வாடகைக்கு விடத்தான். இந்த மாதிரி நல்ல நிலைமையில இருக்கற வீட்டுக்கு இப்ப ரெண்டு மடங்கு வாடகை வாங்கலாம். இவங்க எப்ப காலி பண்ணுவாங்க?"

கேட்டது புரோக்கரிடம். நாங்கள் நாலு பேரும் எதிரில்தான் இருக்கிறோம்!

"அதைப் பத்திக் கவலையே வேணாம் சார். பழைய ஆளுங்க, பாவப்பட்ட ஜனங்க. பேசாம போயிடுவாங்க."

"யாருப்பா பேசாம போறது?"

அத்தையின் குரல். தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"இல்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நீ சொன்னது காதுல விழுந்துடுச்சு. நான் சொல்றதை நீ கேளு. பாப்பா, நீயும் கேளு. உங்க அப்பா எனக்கு இந்த வீட்டைக் கொடுத்தப்ப சமையல்கட்டுல ஒரு பலகைகூடக் கிடையாது. பாத்திரத்தைத் தரையில வச்சுத்தான் சமைச்சேன். மேல டேங்க் கிடையாது, தெருக்கோடியில இருந்து தண்ணி தூக்கினேன். ஒரு ஜன்னல்ல கண்ணாடி இல்ல. உங்க அப்பா நல்ல மனுஷர், 'நீங்களே போட்டுக்கங்கம்மா, போகும்போது எடுத்துக்கங்க'ன்னு சொன்னார். நீ அப்ப அந்த வாசப்படியில உட்கார்ந்து இருந்தே. ஞாபகம் இருக்கா, இல்லையா?"

ஓனர் பாப்பா வாசற்படியைத் திரும்பிப் பார்த்தாள். "இருக்கு ஆன்ட்டி."

"அது போதும். டேய், டூல் பாக்ஸை எடுடா!"

இவர் திகைத்துப் போய் நின்றார். "எதுக்கும்மா?"

"நம்மளுது எல்லாத்தையும் கழட்டு. வாங்க வந்தவங்க வாங்கப்போற வீட்டைப் பார்க்க வேணாமா?"

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. முக்காலியைப் போட்டு ஏறி, ஜன்னல் திரைச்சீலைகளைக் கம்பியோடு இறக்கினார். வெயில் உள்ளே பாய்ந்தது. கூலிங்கிளாஸுக்கு அப்போதுதான் வேலை வந்தது.

என் வீட்டுக்காரரைப் பற்றி நான் எத்தனையோ குறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஒன்றும் சொல்ல முடியாது. தண்ணீரை மூடிவிட்டு, ஸ்பானரை எடுத்து, முதலில் குழாயைக் கழற்றினார். அடுத்து சிங்க். பாத்திரங்களை நான் கீழே இறக்க இறக்க, ஷெல்ஃப் பலகைகள் ஒவ்வொன்றாகச் சுவரை விட்டு வந்தன. அவர் முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் கை நிதானமாகத்தான் வேலை செய்தது. ஒரு திருகைக்கூட அவர் உடைக்கவில்லை. நானும் இவரும் சேர்ந்து கூடத்து அலமாரியை நகர்த்தினோம். பின்னால் ஆள் உயரத்துக்கு ஓதம், சுவர் உப்பிப் பொரிந்து கிடந்தது.

"ஐயையோ," என்றாள் கூலிங்கிளாஸ் அம்மா.

மாமா மட்டும் கூடத்தின் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "ஏன்டி, நான் போட்டது பெயின்ட். அதை எப்படிடி கழட்டறது?"

"சுரண்டுங்க!" என்றார் அத்தை, முக்காலி மேலிருந்து.

சத்தியமாகச் சொல்கிறேன், மாமா அவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலையைச் செய்து நான் பார்த்ததில்லை. பழைய சுரண்டும் தகட்டை எடுத்துவந்து சுவரில் வைத்து ஒரே இழுப்பு. பட்டை பட்டையாக உரிந்தது. மேலே வெள்ளை, அதற்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே நீலம். அடியில் அழுக்குப் பச்சை. "இதுதான் உங்க டிஸ்டெம்பர்! பார்த்துக்குங்க, நல்லாப் பார்த்துக்குங்க!" என்று தூசி பறக்கச் சுரண்டினார். கூலிங்கிளாஸ் அம்மா அடுக்கடுக்காகத் தும்மினாள்.

"சார், இவங்களை மிரட்டி வைக்கலாம், போலீஸ்ல..." என்று புரோக்கர் ஆரம்பித்தார்.

"கூப்பிடு," என்றேன் நான். "எங்க குழாயை நாங்க கழட்டறோம்னு புகார் எழுதிக் கொடு. நானே கூட வர்றேன்."

எனக்கும் சூடு ஏறிவிட்டது. ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். அங்கே கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். கல்யாணமாகி நான் வந்தபோது அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை, கயிறு போட்டுக் கட்டுவார்கள். வந்த மூன்றாம் நாள் நானே கடைக்குப் போய் வாங்கி, யாரையும் கேட்காமல் பொருத்தினேன். புது மருமகள் செய்கிற வேலையா என்று யாரும் கேட்கவில்லை. அத்தை வந்து இரண்டு தடவை போட்டுத் திறந்து பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் எனக்கு இது தோணலியே!" என்றார்.

முதல் திருகைக் கழற்றும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா வீட்டில் என் சம்பளம் எந்தச் சுவரில் இருக்கிறது என்று எனக்குக் காட்டத் தெரியாது. இங்கே காட்டத் தெரியும். இந்த வீடு எனக்குப் பிடிக்கும். இதை விட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. இவ்வளவு நாளும் அதை வாய்விட்டுச் சொன்னால் தோற்றுப்போவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் தாழ்ப்பாளோடு கூடத்துக்கு வந்தபோது கூலிங்கிளாஸ் தம்பதி வாசலுக்குப் போய்விட்டார்கள். "நீ காட்டின போட்டோவுல இருக்கற வீடு எங்கய்யா?" என்று அவர் கத்த, புரோக்கர் பின்னாலேயே ஓடினார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஓனர் பாப்பா போகவில்லை. நாலா பக்கமும் பார்த்தாள். கழற்றிய பலகைகளும் பாத்திரங்களும் குவிந்து, பெரிய கூடம் சின்னதாகிவிட்டது போல இருந்தது. தையல் மெஷின் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"எனக்கு வேற வழி இல்ல ஆன்ட்டி. நானும் அங்க வாடகை வீட்டுலதான் இருக்கேன். ரெண்டு குழந்தைங்க. எங்க ஓனரும் காலி பண்ணச் சொல்லிட்டார். இதை வித்தாதான் அங்க ஒரு வீட்டுக்கு முன்பணமாவது கட்ட முடியும். ஓனர் பாப்பான்னு கூப்பிடறீங்க, எனக்கு எங்க இருக்கு வீடு?"

எனக்கு அவள் மேல் இருந்த கோபம் பாதி வடிந்தது. மீதிப் பாதியை நான் வைத்துக்கொண்டேன். எங்கள் ஷெல்ஃபைத் தன்னுடையது என்று சொன்னவள்தானே.

அத்தை வாளியிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு அவள் கையில் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். அப்புறம் கேட்டார்.

"அழுது முடிச்சாச்சா? இப்ப சுத்திப் பாரு. இதுதான் உங்க அப்பா எனக்குக் கொடுத்த வீடு. இதுக்கு ஒரு விலை சொல்லு."

"ஆன்ட்டி?"

"உன் வீட்டுக்கு மட்டும் சொல்லு. என் வீட்டுக்கு நான் எதுக்கு விலை கொடுக்கணும்?"

ஓனர் பாப்பா கண்ணைத் துடைத்தாள். வெறும் சமையலறையை எட்டிப் பார்த்தாள், ஓதம் பிடித்த சுவரைப் பார்த்தாள், மாமா உரித்த பச்சையைப் பார்த்தாள். ஒரு தொகை சொன்னாள். புரோக்கர் போனில் சொன்னதைவிட எவ்வளவோ கீழே. நியாயமான தொகைதான்.

"ஆனா எனக்கு நாள் இல்ல ஆன்ட்டி. வெள்ளிக்கிழமைக்குள்ள பேங்க் சரின்னு சொல்லணும். இல்லேன்னா வேற ஆளைத்தான் பார்க்கணும். தப்பா நினைக்காதீங்க."

அத்தை தலையாட்டினார். மூன்று பேரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். கெஞ்சியிருந்தால்கூட மறுத்துவிட்டுப் போயிருப்பேன். கெஞ்சவில்லை, சும்மா பார்த்தார்கள்.

"கையெழுத்துப் போடறேன்," என்றேன்.

இவர் முகம் மலர்ந்துவிட்டது. "எனக்குத் தெரியும், நீ..."

"இருங்க, இன்னும் முடிக்கல. கடன் என் பேர்லன்னா பத்திரமும் என் பேர்லதான். என் பேர்ல மட்டும்."

மாமா கையிலிருந்த தகடு சுவரிலேயே நின்றுவிட்டது. இவருக்குக் காதெல்லாம் சிவந்தது. "என்ன பேச்சு இது? அதுவும் பாப்பா எதிர்ல?"

"பாப்பா எதிர்லதான் பேசணும். எழுதிக் கொடுக்கப் போறது அவங்கதானே."

"எனக்குன்னு ஒரு மரியாதை வேணாமா? ஊர்ல என்ன பேசுவாங்க?"

"எங்க அண்ணனுக்கு மரியாதை வேணும்னுதான் அவன் பேர்ல எழுதினாங்க. நான் இப்ப எங்க நிக்கறேன்னு உங்களுக்குத் தெரியும்."

இவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். என் குரல் நடுங்கவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம்.

அத்தை முக்காலியை ஓரமாக நகர்த்திவிட்டு என் எதிரில் வந்து நின்றார். இந்த ஒன்பது வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"அப்ப இனிமே நான் உன் வீட்டுல குடியிருக்கணும். அப்படித்தானே?"

"ஆமா அத்தை."

"நாளைக்கு உனக்கும் எனக்கும் ஒரு சண்டை வருது. வராம இருக்காது. அப்ப என்னைக் காலி பண்ணச் சொல்லுவியா?"

மாட்டேன் என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். சொன்னால் அவர் மனது குளிர்ந்துவிடும், எல்லாம் சுபமாக முடிந்துவிடும். என்னால் சொல்ல முடியவில்லை. கேட்காமல் விட்டால் ஆயுசுக்கும் உறுத்தும் என்று ஒரு கேள்விதான் வாயில் வந்தது.

"வீடு உங்க பிள்ளை பேர்ல இருந்து அதே சண்டை வந்தா, என்னைப் போகச் சொல்ல மாட்டீங்களா அத்தை?"

அவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் கண்ணைத் தாழ்த்தவில்லை.